கூண்டு வண்டியும் கௌபாய் வண்டியும்



நம் ஊர் ஆடித்தபசுக்குக் கூண்டு வண்டி கட்டி வந்தவர்களை நேரில் பார்த்தவர்கள் இனி அதிகம் பேர் இருக்க மாட்டோம். அறுபதுகளில் நான் சிறுவன். ஆடி மாதம் உத்திராடத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே கழுகுமலை ரோட்டிலும் புளியங்குடி ரோட்டிலும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். மாட்டை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். வண்டிக்குள்ளே வைக்கோல், அதன் மேல் ஜமுக்காளம். பெரியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் உள்ளே, மற்றவர்கள் வண்டிக்குக் கீழே. அச்சில் தொங்கும் அரிக்கேன் விளக்கு விடியும் வரை எரியும். கோமதி அம்மன் தபசுக் காட்சி முடிந்து, புற்றுமண் எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். இன்றைக்கு 'கேம்பர்', 'கேரவன்' என்று சொல்கிறார்களே, அதெல்லாம் நம்மிடம் இருந்ததுதான். பெயர்தான் வேறு.

இதை இப்போது எழுதக் காரணம் என் பேரன். எட்டாவது படிக்கிறான். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதை என்றால் சோறு வேண்டாம். அதில் வெள்ளைத் துணிக் கூண்டு போட்ட வண்டிகள் வரிசையாகப் பாலைவனத்தில் போகும் ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, நாம இதுமாதிரி ஒண்ணு செஞ்சா என்ன?" என்றான். ஜெய்சங்கரின் 'கங்கா'வையும் 'மெக்கன்னாஸ் கோல்டை'யும் தரை டிக்கெட்டில் பார்த்த தலைமுறை நாம். ஆசை எனக்கும் இருந்தது.

ஆனால் ஆசைக்காக மட்டும் இதில் இறங்கவில்லை. எங்கள் குலதெய்வம் சாஸ்தா, இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், குளத்தங்கரையில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு இரவு தங்கிப் பொங்கல் வைப்பது வழக்கம். அங்கே மண்டபமும் கிடையாது, லாட்ஜும் கிடையாது. மருதமரத்து நிழல்தான். என் வீட்டம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு தரையில் உட்காரவும் முடியாது, படுத்தால் எழுந்திருக்கவும் முடியாது. நாலு வருடமாக அவள் போகவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கருந்தே கும்பிட்டுக்கிடுதேன்" என்று வாசலில் நின்று அனுப்பிவைப்பாள். ஒரு கட்டில், தலைக்கு மேல் ஒரு கூரை, உடை மாற்ற ஒரு மறைவு. இந்த மூன்றும் அந்தக் குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் அவளும் போய்ச் சேருவாள். கணக்கு அவ்வளவுதான்.

நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக 31 வருடம் இருந்தவன் நான். வரைபலகையை மறுபடி எடுத்தேன்.

முதலில் அந்த அமெரிக்க வண்டியைப் பற்றிப் படித்தேன். 1840-களிலிருந்து கிழக்கேயிருந்து ஒரிகன் பக்கம் குடிபெயர்ந்தவர்கள் சுமார் 2,000 மைல் தூரத்தை இந்த வண்டிகளில்தான் கடந்தார்கள். 1869-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை முடிந்த பிறகுதான் அந்தப் பயணம் மெல்ல ஓய்ந்தது. சினிமாவில் குதிரை இழுக்கும். நிஜத்தில் பெரும்பாலானவர்கள் பூட்டியது மாட்டைத்தான். குதிரையைவிட மாடு விலை குறைவு, வழியில் கிடைக்கும் புல்லைத் தின்று தாங்கும். வண்டித் தொட்டியின் அகலம் ஏறக்குறைய 4 அடிதான், நீளம் 10, 12 அடி. வளைத்த மரச் சட்டங்களின் மேல் கித்தான் துணி, மழை இறங்காமலிருக்க அதில் ஆளிவிதை எண்ணெய் பூசியிருப்பார்கள். உள்ளே மாவு மூட்டையும் தட்டுமுட்டும்தான் இருக்கும். ஆட்கள் பெரும்பாலும் வண்டியோடு நடந்தே போனார்கள். வில் இல்லாத வண்டியில் குலுங்குவதைவிட நடப்பது மேல், மாட்டுக்கும் பாரம் குறையும்.

சக்கரத்துக்கு அவர்கள் இரும்புப் பட்டை போட்டதும் நம் பட்டறையில் போட்டது போலத்தான். பட்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி வட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கோ இருக்கிற டெக்சாஸ்காரனும் நம் கரிசல்காட்டுக் கொல்லரும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

முதல் வரைபடம், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி. எடைக் கணக்கை இப்படிப் போட்டேன். இரும்புச் சட்டமும் இழுவைக் கம்பும் 35 கிலோ. அச்சு, வில், இரண்டு டயர்ச் சக்கரம் 60. பிளைவுட் தரை 17, பக்கப் பலகை 16, மூங்கில் கூண்டு 8, கித்தான் 6. ஆக, வெறும் வண்டி 142 கிலோ. சமையல் பெட்டி 15, மெத்தை 12, தண்ணீர் 20, அடுப்பும் சிறு சிலிண்டரும் 14, பாத்திரம், துணிமணி 25. எல்லாம் சேர்த்து 228 கிலோ.

இனிதான் முக்கியமான சங்கதி. வண்டி ஓட்டிய எந்தப் பெரியவரைக் கேட்டாலும் 'முன்பாரம், பின்பாரம்' என்று ஆரம்பிப்பார். பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் குரல்வளையை நெரிக்கும். அதனால்தான் ஏற்றத்தில் வண்டிக்காரர் முன்னால் தள்ளிப் போய் உட்காருவார், இறக்கத்தில் பின்னால் நகர்ந்துகொள்வார். கார் இழுக்கிற வண்டிக்கும் இதே சட்டம்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்கிறார்கள். குறைந்தால் வேகத்தில் வண்டியின் வால் பாம்பு மாதிரி நெளியும். என் கணக்குக்கு 23 முதல் 34 கிலோ. அச்சிலிருந்து கொக்கி 8 அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேனை அச்சுக்கு 3 அடி பின்னாலிருந்து எடுத்து 3 அடி முன்னால் வைத்தால் கொக்கியில் 15 கிலோ கூடிவிடும். ஒரு தண்ணீர்க் கேன் இருக்கிற இடத்தில் இருக்கிறது சூட்சுமம். படிக்காத வண்டிக்காரர் இந்தக் கணக்கைப் பிருஷ்டத்தாலேயே போட்டார்!

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனம் இழுக்கும் வண்டி எதுவானாலும் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி அது 'டிரெய்லர்', பதிவு செய்தாக வேண்டும். வீட்டுக் கொல்லையில் செய்ததைக் கொண்டுபோய் நிறுத்தினால் நம்பர் கொடுத்துவிட மாட்டார்கள். காரில் நம் இஷ்டத்துக்குக் கொக்கி மாட்டுவதும் சிக்கல்தான். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என்னைப் போன்ற பென்ஷன்காரன் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சட்டம் நியாயமானதும்கூட. பின்னால் வருகிறவனுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா?

நாமக்கல் பக்கத்து இளைஞர், கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-ல் ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் ஒரு வீட்டையே வடிவமைத்த செய்தி நினைவிருக்கலாம். சுமார் ஒரு லட்சம் ரூபாயில் படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் அடங்கிய வீடு. அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி பிறந்தது. வண்டியை ஏன் இழுக்க வேண்டும்? தூக்கி வைத்துக்கொண்டு போகலாமே!

நம் ஊர் 'குட்டியானை'யின் பின்தட்டு சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். என் கூண்டு 6½ அடிக்கு 4 அடி. சரக்காக ஏற்றிப் போய்க் குளத்தங்கரையில் இறக்கிவிட வேண்டியது. வீட்டம்மா காரில் முன் சீட்டில் வருவாள். ஓடும்போது கூண்டுக்குள் ஆள் ஏறக் கூடாது, அது கண்டிப்பு. இறக்கிய பிறகு ரோட்டிலிருந்து மரத்தடி வரை கையால் தள்ள வேண்டும். அதற்கு, தேய்ப்பு வண்டிக்கும் ஐஸ் வண்டிக்கும் போடுகிற கம்பிச் சக்கரம் இரண்டு போதும். இழுவைக் கம்பு இல்லை, வில் இல்லை, கனத்த அச்சு இல்லை. சட்டம் 20, தரை 17, பலகை 16, கூண்டு 8, கித்தான் 6, சக்கரமும் அச்சும் 13. மொத்தம் 80 கிலோ. நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 20 கிலோ. நாலு பேர் எங்கள் வீட்டில் உண்டு.

பேரனுக்கு ஒரே குறை, "மரச் சக்கரம் இல்லையே தாத்தா." கம்பிச் சக்கரத்தின் வெளிப்பக்கம் மெல்லிய பிளைவுட் வட்டம் வைத்து, ஆறு வட்டை, வட்டைக்கு இரண்டு என்று 12 ஆரக்கால் வரைந்து, கருங்காலி நிறம் அடித்துக் கொடுத்தேன். பத்தடி தூரத்தில் அசல் கௌபாய் வண்டி.

கூண்டுக்கு ஆள் தேடியதுதான் பெரிய பாடு. பக்கத்து ஊரில் முன்பு வண்டிப் பட்டறை வைத்திருந்த பெரியவர், எண்பது தாண்டியவர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாடும் இல்லாம, நுகத்தடியும் இல்லாம வண்டி செய்யுதீயளாக்கும், தம்பி?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "ஆத்தா படுக்கதுக்குன்னா சரி, வாரேன்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். மூங்கிலை வெட்டியதும் கொஞ்ச நாள் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் உளுத்துப்போகும். பிளாச்சு பிளந்து, கணுவைச் சீவி, அனலில் லேசாகக் காட்டிக்கொண்டே வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுவில் முறியும். வளைத்ததைக் கயிற்றால் வில் மாதிரி கட்டி ஒரு வாரம் விட்டுவிட்டால் அந்த வளைவு நிலைத்துவிடும். ஐந்து வளைவு, அதன் குறுக்கே ஏழு பிளாச்சு. ஆணியே கிடையாது, எல்லாம் கட்டுத்தான். "ஆணி அடிச்சா அந்த இடத்துல பிளக்கும், கட்டுன்னா குலுங்கும்போது கொடுத்து வாங்கும்" என்றார்.

மேலே போர்த்த பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவுதான். ஆனால் பங்குனி வெயிலில் உள்ளே அவிந்துவிடும். அதனால் பருத்திக் கித்தான். முன்னும் பின்னும் சுருட்டிக் கட்டினால் குளத்துக் காற்று ஊடே போகும். பின்பக்கம் சமையல் பெட்டி. அது 1866-ல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் செய்த ஏற்பாடு. பழைய ராணுவ வண்டியின் பின்னால் அறைகள் வைத்த பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதன் மூடியைக் கீழே இறக்கினால் மேசையாகும்படி செய்தார். நம் அஞ்சறைப் பெட்டியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மட்டும் கூண்டை விட்டுப் பத்தடி தள்ளித்தான். துணிக்கும் தீக்கும் ஆகாது.

இதுவரை செலவு 23,000 ரூபாய். அதில் பெரியவருக்குக் கொடுத்ததுதான் பெரும்பகுதி. அவர் கேட்டதைவிடக் கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். வேட்டி சட்டையில் வைத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

கூண்டு இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில், நாலு காலையும் இறக்கி நிற்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வீட்டம்மா இரண்டு நாள் பக்கத்திலேயே வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, இம்புட்டு செஞ்சீங்களே, இதுல ஏற ஒரு படி வேண்டாமா?" என்றாள். படி வரைபடத்தில் இருக்கிறது, தச்சு வேலைதான் பாக்கி. ஒரு படிக்கு 6 அங்குல உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. முழங்கால் டாக்டர் சொன்ன அளவு அது. அன்று சாயங்காலம் பரணிலிருந்து பொங்கல் பானையை இறக்கச் சொன்னாள். நாலு வருடத் தூசி. அவளே உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், மாட்டுத் தொழுவத்திலோ கூரை மேலோ பழைய வண்டிக் கூண்டு கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். குறைந்தபட்சம் ஒரு டேப் எடுத்து நீளம், அகலம், வளைவின் உயரம் மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள். வண்டிப் பட்டறை வைத்திருந்தவர் யாராவது இருந்தால் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து கேளுங்கள். அந்த அளவுகளைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.