பைனாகுலரும் மூக்குக்கண்ணாடியும் – ஒரு மலையகப் பயணம்

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் ஓரிடத்தில் அவசியம் வண்டியை நிறுத்த வேண்டும். தலவாக்கலைக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, பள்ளத்தாக்கின் மறுபக்கம் டெவன் நீர்வீழ்ச்சி இறங்குகிறது. உயரம் 97 மீட்டர். ஆனால் பாதையோரத்தில் நின்று பார்ப்பவருக்கு, யாரோ வெள்ளைத் துணியை மலையில் உலர்த்தியது போலத்தான் தெரியும். மலையகத்தில் பார்க்க வேண்டியவற்றில் பாதி இப்படி ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால்தான் இருக்கின்றன. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போனபோது ஒரு பைனாகுலரையும் எடுத்துச் சென்றோம்.

என் மகன் அதை வாங்கிப் பார்த்து, பாறையில் தண்ணீர் மோதிச் சிதறுவதை வர்ணித்தான். அவன் உம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "மூங்கில் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். பார்த்தது ஒரே கருவி, ஒரே அருவி. வித்தியாசம் என்னவென்றால், அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர், மகன் அணியாதவன்.

பைனாகுலரில் கண் வைக்கும் இடத்தில் இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். பழைய கருவிகளில் அதை வெளிப்புறமாக மடித்துவிடலாம். புதியவற்றில் திருகினால் மேலே எழும்பும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். கண்ணுக்கு மெத்தென்று இருக்கப் போட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை, கண்ணைச் சரியான தூரத்தில் நிறுத்தி வைப்பது.

இந்தத் தூரம் ஏன் முக்கியம்? கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட், டாலமி போன்ற கிரேக்க அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவியவர், 965ல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். பைனாகுலருக்கும் அதே கணக்குத்தான். ஒளி அதன் பின்பக்கக் கண்ணாடியிலிருந்து வெளியேறி, சற்றுப் பின்னால் ஒரு சிறு வட்டமாகக் கூடுகிறது. நம் கண்மணி அந்த இடத்தில் இருந்தால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும். கருவியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். அந்த வட்டம் முத்துப் போலத் தெரியும். (சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்ப வேண்டாம்.) 8x42 என்று பொறித்த கருவியில் அதன் அளவு 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5 மில்லிமீட்டர் சொச்சம், 10x25 என்ற சிறிய கருவியில் இரண்டரைதான்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்குக் கண் ஏற்கெனவே தள்ளித்தான் இருக்கிறது. வளையமும் எழும்பி நின்றால் இன்னும் தள்ளிப் போகிறது; காட்சியின் ஓரங்கள் எல்லாம் வெட்டுப்படுகின்றன. வளையத்தை முழுவதும் இறக்கிவிட வேண்டும். கண்ணாடி அணியாதவர் இறக்கினாலோ, கண் மிக நெருங்கிவிடும். பிறை வடிவக் கருநிழல்கள் குறுக்கே ஓடும். அவர் உயர்த்தியே வைக்க வேண்டும். பிறகு நடு மூட்டை மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரிசெய்ய வேண்டும்.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் திருகியே சரிசெய்துகொள்ளலாம். கோணல்பார்வைக்கு அது உதவாது. தவிர, கழற்றி, மடித்து, பையில் வைத்து நிமிர்வதற்குள் குருவி பறந்துவிடும்!

நாங்கள் நின்ற இடத்தருகே ஒரு தேநீர்க் கடை. கொழுந்து பறித்தே வயதான ஒரு தாயார், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார், தடித்த கண்ணாடி. பிள்ளைகள் எங்கள் பைனாகுலரை வாங்கி மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கை நீட்டியபோது, "ஒனக்குக் கண்ணே தெரியாது, ஒனக்கெதுக்கு?" என்றான் ஒருவன். வாங்கிப் பார்த்தவரும், "கருப்பாத்தான் இருக்கு தம்பி. எனக்கு அவ்வளவுதான்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

வளையங்களை இறக்கி, "கண்ணாடியக் கழட்டாதீங்கம்மா, இப்படியே வையுங்க" என்றேன். எதிர்மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்; வெறுங்கண்ணுக்கு வண்ணப் புள்ளிகள். நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தா, மூணாவது நெரயில நிக்கிறது எம் மக. படங்க எடது பக்கமா முடிஞ்சிருக்கா" என்றார். படங்கு என்பது கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு. அத்தனை பெரிய மலையில், அதன் முடிச்சை வைத்து மகளைக் கண்டுபிடித்துவிட்டார். கேலி செய்த பேரன் வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. மலையையும் அருவியையும் பார்க்கலாம். லயத்து வாசல்களையும், பெண்கள் குளிக்கும் பீலிக்கரையையும் நோக்கிக் கருவியைத் திருப்பக் கூடாது. சுற்றுலா வருபவர்கள் சிலர் இதை யோசிப்பதே இல்லை.

முந்தைய இரவை மஸ்கெலியாப் பக்கம் கழித்திருந்தோம். பாவா ஆதம் மலை என்று நாம் சொல்லும் சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். படிக்கட்டு விளக்குகள் இருட்டில் ஒரு கோடாக மேலேறுகின்றன. 1344ல் இம்மலையில் ஏறிய இப்னு பதூதா, ஒன்பது நாள் கடல் தூரத்திலேயே அது புகைத்தூண் போலத் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். அவர் கையில் பைனாகுலர் இல்லை! இருட்டில் கண்மணி விரிவதால், இரவுக்கு 42 போன்ற அகன்ற கண்ணாடிதான் நல்லது. சிறிய கருவியில் விளக்குகள் மங்கலாகிவிடும்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு விடியற்காலையில் போவது நல்லது. காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இந்த மலைகளுக்கு வரும் சிறு ஈப்பிடிப்பான்கள் அங்கே உண்டு. இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியும் உண்டு. ஆனால் சுமார் 1,870 மீட்டர் உயரத்துக் குளிரில், வளையத்தை முகத்தோடு அழுத்தினால் கண்ணின் வெப்பத்தால் கண்ணாடியில் பனி படிந்துவிடுகிறது. விரலால் துடைக்காமல், முகத்திலிருந்து சற்று விலக்கிப் பிடித்தால் தானே கலையும். நாங்கள் அப்படிக் காத்திருந்தபோதுதான் ஓடைக்கரைச் சருகில் ஆறுமணிக்குருவி ஒன்று தத்தி வந்தது. மகன் பார்த்து முடித்து, வளையங்களைத் தானே இறக்கிவிட்டு, "உம்மா, சீக்கிரம்" என்று நீட்டினான்.