பைய போ, எய்யா

ஆனி பிறந்த பிறகு தென்காசியிலிருந்து இலஞ்சிக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. முகத்தில் சாரல் விழும், முதுகில் வெயில் காயும், இரண்டும் ஒரே நேரத்தில். அந்தக் காற்றை எதிர்த்து மிதித்தவர்கள் இன்று துபாயில் இருக்கிறீர்கள், சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், சென்னையில் ஏதோ ஓர் அடுக்ககத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் வந்தால் உங்களுக்கும் காரணமில்லாமல் மனசு கனக்கிறதா?

எனக்குக் கனக்கிறது.

நான் இருப்பது பர்மிங்காமில். விடுமுறை நாட்களில் தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளுக்குச் சைக்கிளோடு போவேன். சிப்பிங் காம்ப்டன், பிராட்வே, ஸ்னோஸ்ஹில் என்று வரிசையாக அழகான ஊர்கள். மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகள், இருபுறமும் செடிவேலி உயர்ந்த ஒடுக்கமான பாதைகள், கம்பளி வியாபாரத்தில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டு அந்தக் காலத்தில் எழுப்பிய தேவாலயம். சைக்கிளும் உசத்தியானது. கார்பன் சட்டம், ஒரு கையால் தூக்கிவிடலாம். எந்த ஏற்றத்துக்கும் அதில் ஒரு கியர் உண்டு. கேரியர் மட்டும் கிடையாது. இந்த வகைச் சைக்கிள்களுக்குக் கேரியர் வைப்பதில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து வரலாம் என்று இதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை.

ஊரில் நான் ஓட்டியது தாத்தா விட்டுப்போன ஹெர்குலிஸ். அந்தப் பெயர் பிறந்ததே இந்த பர்மிங்காமில்தான். ஆஸ்டன் பகுதியில் 1910இல் தொடங்கிய கம்பெனி. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு அம்பத்தூரிலிருந்தே ஹெர்குலிஸ் நம் தெருக்களுக்கு வந்தது. ஆஸ்டன் தெருக்களில் நான் பலமுறை நடந்திருக்கிறேன். அங்கே எதுவும் எனக்கு எங்கள் திண்ணையில் சாய்ந்து நின்ற அந்தக் கறுப்பு வண்டியை ஞாபகப்படுத்தவில்லை.

அந்த வண்டியின் கேரியரில் ஆச்சி உட்கார்ந்து வருவாள்.

மாதக் கார்த்திகைக்கு இலஞ்சிக் குமாரர் கோயில். ஒருச்சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வாள். மடியில் ஒயர் கூடை. அதில் தேங்காய், பழம், விளக்குக்கு ஒரு சின்னத் தூக்கில் எண்ணெய். கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை: "எய்யா, பைய போ." மேடு வந்தாலும் அதுதான், பள்ளம் வந்தாலும் அதுதான், எதிரே லாரி வந்தாலும் அதுதான். மற்ற நேரமெல்லாம் வழியைச் சொல்லிக்கொண்டே வருவாள். வழி எனக்குத் தெரியும். அவள் சொன்னது வேறு வழி. இந்த வயல் யாருடையது, அது எந்தக் கல்யாணத்துக்காகக் கை மாறியது, இந்தக் குளம் எந்த வருஷம் உடைந்தது, அந்தத் தோப்புக்குள் இருக்கும் சுடலைக்குக் கொடை நின்றுபோன காரணம் என்ன. மிதிப்பவன் திரும்பிப் பார்க்க முடியாது. முகம் இல்லாமல் குரல் மட்டும் முதுகில் வந்து விழும். அந்த நாட்டை நான் கண்ணால் பார்த்ததைவிட முதுகால் கேட்டதுதான் அதிகம்.

பண்பொழித் திருமலைக்குப் போகிற நாளில் பிரானூரைத் தாண்டுவோம். அந்த இடத்துக்கு இன்றைக்கும் பார்டர் என்றுதான் பெயர். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டைச் சீமை நம்மோடு இல்லை. "இதுக்கு அங்கிட்டு அப்ப திருவாங்கூர் ராஜா சீமை" என்பாள் ஆச்சி, ஒவ்வொரு முறையும், நேற்றுத்தான் எல்லைக்கல்லைப் பிடுங்கினார்கள் என்கிற மாதிரி. குற்றாலத்துக்குப் போனால் மேலகரம் வந்ததும், குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர் என்பாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கவிராயர் அவளுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

சிப்பிங் காம்ப்டனில் அந்தத் தேவாலயத்தின் முன்னால் ஒரு பலகை இருக்கிறது. வருஷம், பெயர், கட்டிய முறை, எல்லாம் அதில் உண்டு. நின்று படிக்கிறேன். படித்து முடித்தபின் அங்கே நிற்க ஒன்றுமில்லை.

திரும்பி வருவதுதான் சுகம். கோயிலில் கும்பிட்டு, சித்தாற்றில் கால் நனைத்து, கிழக்கே வண்டியைத் திருப்பினால் போகும்போது தடுத்த அதே காற்று பின்னாலிருந்து தூக்கிவிடும். மிதிக்கவே வேண்டாம். பெடலில் கால் சும்மா இருக்க, ஃப்ரீவீல் மட்டும் கிரிகிரி என்று பாடிக்கொண்டு வரும். வயலுக்கு மேலே காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் எழும்.

அது அப்படி எழுந்தது 1990க்குப் பிறகு. பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் அது. என் சின்ன வயதில் கோபுரம் சிதைந்து மொட்டையாக நின்றது. அதுவரை ஆச்சிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மொட்டைதான். இந்தக் கோயிலைப் பின்னால் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று அந்த ராஜா கல்லில் வெட்டிவைத்தான் என்பதை அவள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சாரம் கட்டினார்கள். நிலை நிலையாக உயர்ந்தது. ஒன்பது நிலை. கும்பாபிஷேகம் முடிந்த வருஷத்திலிருந்து இலஞ்சியிலிருந்து திரும்பும்போதெல்லாம், கோபுரம் கண்ணில் பட்ட இடத்தில், வண்டி ஒரு கணம் லேசாக ஆடும். சீட்டு ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஆச்சி இரண்டு கையும் கூப்புகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொள்வேன். பேசமாட்டேன். அவளும் பேசமாட்டாள். பிறகு கை மறுபடி ஸ்பிரிங்குக்கு வரும், வண்டி நேராகும்.

அந்த ஆட்டம். அது இல்லாமல் இத்தனை தூரம் ஓட்டிவிட்டேன்.

மற்ற இழப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தபோது மலைப்பக்கமிருந்து வந்த மீட்டர் கேஜ் வண்டியின் சத்தம். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904இல் ஓடத் தொடங்கிய ரயில், 2010இல் அகலப்பாதைக்காக நின்றது. 2018இலிருந்து மறுபடி ஓடுகிறது, சத்தம் வேறு. இருட்டியபின் டயரில் உரசி முனகும் டைனமோ. வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும், அப்போது தவளைகள் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். சைக்கிள் கடைத் தொட்டியில் டியூபை முக்கும்போது எழும் குமிழி. திருநெல்வேலிச் சாலையின் இருமருங்கும் நின்ற பெரிய மரங்கள். நாலுவழிச் சாலைக்காக அவை போயின. சாலை வேண்டும்தான். ஆனால் அந்த நிழலில் ஒரு மைல் மிதித்தவனிடம் போய் அதைச் சொல்லாதீர்கள்.

ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் சிநேகிதர்களோடு போவேன். ஆடியில் அங்கே சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். இப்போது காரில் வந்து இறங்கிப் படம் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும். அந்தப் பூக்களுக்கு நடுவே எதிர்காற்றில் மூச்சிரைத்து வீடு திரும்பிய சாயங்காலங்கள் எந்தப் படத்திலும் விழாது.

ஆச்சி ஓர் ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். அடைமழை என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

இங்கே ஏற்றத்தில் ஏறும்போது கையில் கட்டிய கருவி என் இதயத் துடிப்பைச் சொல்கிறது, வேகத்தைச் சொல்கிறது, இன்னும் எவ்வளவு ஏற்றம் பாக்கி என்றும் சொல்கிறது. பைய போ என்று மட்டும் சொல்வதில்லை. இறக்கத்தில் வண்டி பறக்கிறது. முதுகில் வெறும் காற்று.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வயசான மனுஷி யாராவது இருந்தால், இந்தச் சீசனுக்குக் கேரியர் உள்ள ஒரு சைக்கிளை எங்காவது தேடிப் பிடியுங்கள். உட்கார முடிந்தவரை உட்காரச் சொல்லுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால் குற்றால அருவிக்குப் போகும் கார்கள் வராது. இலஞ்சிக்கு மேற்கேதான் போக வேண்டும், எதிர்காற்று இருக்கும், பையப் போங்கள்.