ஷெஹ்ஸாதே பள்ளிவாசல் முற்றத்திலே



உம்றாவை முடித்துக்கொண்டு அப்படியே துருக்கிக்கும் போய்வரும் பயணக் குழுக்கள் இப்போது நம் நாட்டிலும் உண்டு. இஸ்தன்பூலில் இறங்கியவர்கள் நீலப் பள்ளிவாசலைப் பார்ப்பார்கள். சுலைமானிய்யாவில் இரண்டு ரக்அத் தொழுவார்கள். பிறகு கடைத்தெருவுக்குப் போய்விடுவார்கள். சுலைமானிய்யாவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஷெஹ்ஸாதே பள்ளிவாசலை அநேகர் பார்ப்பதில்லை. உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தவறவிட்டு விடாதீர்கள். வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வாப்பாவின் துயரம் அங்கே கல்லாக நிற்கிறது.

ஷெஹ்ஸாதே என்றால் இளவரசர் என்று பொருள். அந்த இளவரசரின் பெயர் முஹம்மத். துருக்கியர் மெஹ்மத் என்பர். சுல்தான் சுலைமானுக்கும் அவரது மனைவி ஹுர்ரமுக்கும் 1521இல் பிறந்த மூத்த பிள்ளை. வயது வந்ததும் மனீஸா என்ற ஊரை ஆள அனுப்பினார்கள். ஆட்சிக்கு வரப்போகிறவர்கள் பழகும் இடமாக அது இருந்தது. 1543 நவம்பரில், இருபத்திரண்டாவது வயதில், அவர் அங்கேயே மௌத்தானார். பெரியம்மை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சுல்தான் அந்த ஆண்டு ஹங்கேரியில் கோட்டைகளை வென்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வெற்றியோடு வந்தவரை மகனின் மரணச் செய்திதான் எதிர்கொண்டது.

ஜனாஸா இஸ்தன்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்றுக்கு அருகே மகன் பெயரால் ஒரு பள்ளிவாசலை எழுப்பும் பணி மிஃமார் ஸினானிடம் ஒப்படைக்கப்பட்டது. 1548இல் வேலை முடிந்தது. நடுக் குப்பாவின் அகலம் 19 மீற்றர், உயரம் 37 மீற்றர். நாலு பக்கமும் நாலு அரைக் குப்பாக்கள் அதைத் தாங்குகின்றன. இரண்டு மினாராக்களிலும் நுணுக்கமான செதுக்கு வேலை. பின்னாளில் சுலைமானிய்யாவைக் கட்டிய ஸினான், இதைத் தம்முடைய மாணவப் பருவத்து வேலை என்று சொன்னதாகக் கூறுவர். மாணவர் வேலை என்று நம்புவது கடினம்தான்!

ஆனால், கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பள்ளிவாசலோடு சேர்த்து ஒரு மத்ரஸா, சிறு பிள்ளைகள் ஓதும் மக்தப், வழிப்போக்கர் தங்கும் விடுதி, ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் சோறு ஆக்கிப் போடும் சமையற்கூடம் எல்லாம் அங்கே அமைக்கப்பட்டன. இறந்த பிள்ளைக்கு இனி ஒரு கவளம் ஊட்ட முடியாது. பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு ஊட்டலாம் அல்லவா? நம் ஊர்களிலும் மகனின் பெயரில் கிணறு வெட்டிக் கொடுத்த உம்மாமார் இருக்கிறார்கள். மகளின் பெயரில் மத்ரஸாவுக்குக் குர்ஆன் பிரதிகள் வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சுல்தான் செய்ததும் அதே ஸதகா ஜாரியாதான். அளவுதான் வேறு.

மகன் இறந்த ஹிஜ்ரி ஆண்டு 950. அந்த எண் வரும்படி, அப்ஜத் கணக்கில் எழுத்துக்களைக் கோத்து சுல்தானே ஒரு வரி இயற்றினார் என்பர். தனிமையில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்த அந்தத் தகப்பனை நினைத்துப் பாருங்கள். மகனின் சட்டையை மடித்து அலுமாரியில் வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்து முகர்ந்து பார்க்கும் உம்மா செய்வதும் அதுதானே?

மையித்து வீட்டுக்கு வருகிறவர்கள், "அழாதீங்க, பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுமை வேறு, கண்ணீர் வேறு. நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஒருவரின் கப்றருகே உட்கார்ந்திருந்தபோது அவர்களது கண்கள் நீர் சொரிந்ததை அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒப்பாரி வைப்பதுதான் விலக்கப்பட்டது, அழுவது அல்ல. இதை நம் பெண்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

பள்ளிவாசலின் பின்புறத் தோட்டத்தில் இளவரசரின் கப்று மண்டபம் இருக்கிறது. எட்டுப் பக்கம் கொண்டது. உள்ளே பச்சையும் மஞ்சளுமான ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கப்றின் மேலே அரியணை போன்ற ஒரு மரச் சட்டகம் நிற்கிறது. மகன் உட்காரவேண்டிய அரியணை அது என்று வாப்பா சொல்லாமல் சொல்கிறார். பக்கத்தில் இளவரசரின் மகள் ஹுமாஷாஹ் அடக்கப்பட்டிருக்கிறார். வாப்பா மௌத்தான ஆண்டில் அவர் கைக்குழந்தை.

இன்னொரு கப்றும் அங்கே உண்டு. அது ஜிஹாங்கீருடையது. சுல்தானின் இளைய மகன்; பிறப்பிலிருந்தே உடல் நலிந்தவர். அவர் 1553 நவம்பரில் ஹலபில் மௌத்தானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய மூத்த நானா முஸ்தபா கொல்லப்பட்டிருந்தார். கொல்லும்படி உத்தரவிட்டவர் வேறு யாருமல்ல, வாப்பா சுலைமானேதான். முஸ்தபா ஆட்சியைப் பறிக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம். அண்ணனை நினைத்து ஏங்கியே தம்பியும் போய்ச் சேர்ந்தார் என்று அக்கால மக்கள் பேசிக்கொண்டார்கள்.

முஸ்தபாவின் தாயார் மஹிதெவ்ரான், சுல்தானின் இன்னொரு துணைவி. மகன் அடக்கப்பட்ட புர்ஸா நகரிலேயே அவர் தங்கிவிட்டார். பல ஆண்டுகள் பணமுடையோடு காலம் தள்ளினார். ஹுர்ரமின் மகன் ஸலீம் ஆட்சிக்கு வந்த பிறகுதான் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. முஸ்தபாவின் கப்றுக்கும் மண்டபம் எழும்பியது. 1581இல் மஹிதெவ்ரான் மௌத்தாகி, மகனுக்குப் பக்கத்திலேயே அடங்கினார். இறந்த ஒரு பிள்ளைக்காக இஸ்தன்பூலில் இத்தனை பெரிய பள்ளிவாசல். புர்ஸாவில் ஒரு தாய்க்கு வாடகைக் காசுக்கும் திண்டாட்டம். இரண்டு பிள்ளைகளுக்கும் வாப்பா ஒருவர்தான்!

சகோதரிகளே, இந்த வரலாற்றை அரசர்களின் கதை என்று தள்ளிவிட முடியாது. மௌத்தான மகனை நினைத்து நினைத்து, வீட்டில் இருக்கும் மகனைக் காணத் தவறும் வீடுகள் நம்மிடையே இல்லையா? "அவன் இருந்திருந்தா இப்படிப் பேசுவானா?" என்று ஒரு சொல் போதும்; இருக்கிறவனின் மனம் ஒடிந்துபோகும். இறந்த பிள்ளை இனி எந்தத் தவறும் செய்யப் போவதில்லை. இருக்கிற பிள்ளை செய்வான். இருக்கிறவனோடு போட்டியிட இறந்தவனை நிறுத்தினால், எந்த நாளும் தோற்பது இருக்கிறவன்தான். இளம் வயதில் விதவையான மருமகளையும், வாப்பா இல்லாத பேரப்பிள்ளையையும் மறந்துவிட்டு மகனுக்காக எவ்வளவு தர்மம் கொடுத்தாலும் அது குறையாகவே நிற்கும்.

ஷெஹ்ஸாதே முற்றத்தில் நிற்கும்போது இளவரசர் முஹம்மதுக்காக துஆச் செய்யுங்கள். முடிந்தால் கடலைத் தாண்டிப் புர்ஸாவுக்கும் போய் முஸ்தபாவுக்கும் அவரின் தாயாருக்கும் ஸலாம் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பிள்ளையை இழந்த ஓர் உம்மா நம் தெருவிலேயே இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் அழட்டும், பேசட்டும். எழுந்து வரும் முன்னே வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளையின் பெயரையும் மறக்காமல் விசாரியுங்கள்.