39 வாரத்தில் முதுமை

ஜெர்மனியின் யேனா நகருக்குத் தெற்குப் பக்கம் பொய்டன்பெர்க் குன்று. ஆய்வு நிறுவனங்கள் நெருக்கமாக நிற்கும் அந்தக் குன்றில்தான் லைப்னிட்ஸ் முதுமை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. செருப்புக்கு மேல் உறை மாட்டி, கை கழுவிய பிறகே மீன் அறைக்குள் விட்டார்கள். உள்ளே வெக்கை. பம்ப் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அலமாரி முழுக்கச் சின்னச் சின்னத் தொட்டிகள், பெரும்பாலானவற்றில் ஒற்றை மீன்.

கூட்டிப்போனவர் நம் தென்மாவட்டத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர். "இது 12 வாரம், அக்கா. இந்தப் பக்கம் பாருங்க, இதுக்கு 39 வாரம்" என்றார். முதல் தொட்டியில் நீலப்பச்சை உடம்பும் சிவந்த வாலுமாக ஓர் ஆண் மீன், விரலைக் காட்டியதும் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தது. இரண்டாவது அசையவில்லை. நிறம் வெளுத்து, முதுகு வளைந்து, வயிறு ஒட்டியிருந்தது. கண் மட்டும் என்னைத் தொடர்ந்தது. ஒரு வருஷம்கூட ஆகாத உயிரில் இத்தனை முதுமையா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இது கில்லி மீன். ஜிம்பாப்வே, மொசாம்பிக் பகுதிகளில் மழைக்குத் தேங்கும் குட்டைகளில் பிறக்கிறது. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, முடிந்துபோகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த இரண்டே வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் என்று 2018-இல் மொசாம்பிக் குட்டைகளில் கண்டார்கள். முட்டை மட்டும் காய்ந்த சேற்றில் உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆய்வகத்தில் சேற்றுக்குப் பதிலாக ஈரமான தென்னை நார்த்தூள். டப்பாவைத் திறந்து காட்டினார். பழுப்புத் தூளில் கடுகளவுகூட இல்லாத முட்டைகள். சிலவற்றுக்குள் குஞ்சின் கண் கறுப்பாகத் தெரிந்தது.

இந்த மீனின் ஆயுள் வியக்கத்தக்க அளவு குறைவு என்பதை ஸ்தெஃபானோ வால்தெசாலிச்சியும் அலெஸ்ஸாந்த்ரோ செல்லெரினோவும் 2003-இல் வெளியிட்டார்கள். முழு மரபணுத் தொகுதியை யேனா குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே 2015-இல் வெளியிட்டன.

நான் போனது மூளையைப் பற்றிக் கேட்கத்தான். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் கிளைவிடவும் சில புரதங்கள் வேண்டும். அவைதான் நரம்பு வளர்ச்சிக் காரணிகள். முதலாவதைக் கண்டறிந்ததற்காக ரீத்தா லெவி-மொன்தால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986-இல் நோபல் பெற்றார்கள். இரண்டாவதான பி.டி.என்.எஃப். ஜெர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. 1982-இல் மியூனிக் அருகே மார்டின்ஸ்ரீட்டில் ஈவ் பார்தும் ஹான்ஸ் தோனனும் ஒன்றரைக் கிலோ பன்றி மூளையைக் கரைத்துக் கண்ட பலன் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது. மீன்களுக்கென்றே நியூரோட்ரோபின்-6 என்ற ஒன்று உண்டு என்பதும் 1994-இல் ஜெர்மானியக் குழுவின் கண்டுபிடிப்புதான்.

மீன் மூளைக்கு நமக்கில்லாத ஒரு வசதி இருக்கிறது. வளர்ந்த பிறகும் மூளையின் பல பகுதிகளில் புது நரம்பணுக்கள் தாராளமாக முளைக்கும். அப்படியும் கில்லி மீனில் வயதாக ஆக அந்த முளைப்பு குறைகிறது என்று 2012-இல் காட்டினார்கள். பி.டி.என்.எஃப். வளர்ந்த மீனின் மூளையெங்கும் பரவியிருப்பதை 2014-இல் லிவியா தாஞ்ஜெலோ குழுவினர் வரைபடமாக்கினார்கள். உரம் இருந்தும் முளை குறைவது ஏன்?

"ஆர்.என்.ஏ. இருக்குன்னா புரதமும் அதே அளவு இருக்கும்னு நினைச்சிடக் கூடாது, அக்கா" என்றார் மாணவர். யேனா குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் இதுதான். வயதாக ஆக, கில்லி மூளையில் புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வின் அளவும் புரதத்தின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது குறைகிறது. பட்டா இருக்கிறது, நிலம் கைவசம் இல்லை. பழைய புரதங்களை அகற்றும் புரோட்டியசோமின் வேகமும் தளர்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் சில இடங்களில் நடுவழியில் நின்றுவிடுகின்றன என்று 2025-இல் மேலும் காட்டினார்கள். ஆகவே ஒரு வளர்ச்சிக் காரணியை மட்டும் தனியே எடுத்து, கூடியதா குறைந்ததா என்று பார்ப்பது போதாது என்றே எனக்குப் படுகிறது.

மறதி நோயால் அவதிப்படும் பெற்றோருக்காக, நரம்பை வளர்க்கும் என்று சொல்லப்படும் எதையும் வாங்கிவிடத் துடிக்கும் பிள்ளைகளை நம் ஊரில் பார்க்கிறேன். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: இந்தக் காரணிகள் புரதங்கள். விழுங்கினால் செரித்துவிடும், ரத்தத்தில் ஏற்றினாலும் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. மூளைக்குள்ளேயே மரபணுவாகச் செலுத்திப் பார்த்த அல்சைமர் பரிசோதனையின் முடிவு 2018-இல் வந்தது: 49 பேர், ஆபத்தில்லை, நினைவாற்றலில் பலனும் இல்லை.

உரம் இருந்தும் முளை குறைவது ஏன் என்ற கேள்வியை எலியில் முதுமை வரை தொடர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். கில்லி மீனிலோ ஒரு மாற்றத்தைக் குஞ்சிலேயே செய்தால், அதன் மூளை கிழமாவதை ஒரே ஆண்டுக்குள் பார்த்துவிடலாம்.