துருவை வெல்லும் சுருள்வில்

இராமாநுசர் தோன்றிய பெருமையுடையது திருப்பெரும்பூதூர். அவ்வூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்து, ஏரி நீரால் நெல் விளைந்த நிலப்பரப்பில் இன்று ஊர்திகள் விளைகின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களைச் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பெற்றது.

ஆயிரக்கணக்கான உறுப்புகள் கூடியே ஓர் ஊர்தி ஆகின்றது. அவற்றுள் கண்ணுக்குப் புலப்படாது தொண்டு புரிவது அமுக்கச் சுருள்வில். அழுத்தினால் குறுகும், விட்டால் நிமிரும். பிரேக்கை மிதித்த கால் விலகியதும், அதன் உருளையினுள் இருக்கும் உந்துதண்டை மீட்டு நிறுத்துவது அதுவே. அது பழுதுபடின் பயணிகளின் உயிருக்கே ஊறு நேரலாம்.

சுருள்வில்லின் பெரும்பகை துரு. கம்பியின் மேற்புறத்தில் அது நுண்குழிகளைத் தோண்டும். பல இலட்சம் முறை அமுங்கி நிமிரும் கம்பிக்கு அக்குழியே விரிசலின் தோற்றுவாய். விரிசல் முற்றினால் கம்பி முறியும்.

அப்பகையை வெல்ல வல்லது துருவேறா எஃகு. எவர்சில்வர் என வீடுகளில் வழங்குவதும் அவ்வினமே. அதில் நூற்றுக்கு 10.5 பங்கிற்குக் குறையாது கலந்துள்ள குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி மெல்லிய படலமாய் எஃகைப் போர்த்துகின்றது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீள வளரும். உப்பு மிகுந்த இடத்தில் அதுவும் தளரும்; ஆங்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேர்ந்த வகையே ஏற்றது.

அங்ஙனமாயின் எல்லாச் சுருள்வில்லையும் துருவேறா எஃகினாலேயே செய்தல் ஆகாதோ? ஆகாது. ஒரே அளவில் சுற்றி, ஒரே அளவு அமுக்கினும், அது உயர்கரி எஃகைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்த எதிர்விசையையே தரும், விலையும் மிகுதி. ஆதலின் வண்டியின் பாரம் தாங்கும் சுருள்வில்லை வலிய எஃகால் செய்து, மேலே காப்புப் பூச்சு இடுவர். எஞ்சினுள் எண்ணெயில் நனைந்தே இயங்கும் வால்வுச் சுருள்வில்லுக்குத் துருவின் அச்சம் சிறிதே.

காக்க வந்த பூச்சே கேடு சூழ்வதும் உண்டு. துத்தநாக முலாம் பூசும்பொழுது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையது ஆக்கும். முலாம் இட்டவுடன் உலையில் பல மணிநேரம் சூடேற்றி அவ்வாயுவை வெளியேற்றுதல் வேண்டும். புறத்தே பளபளக்கும் கம்பி அகத்தே நலிந்திருத்தல் கூடும் என்பதனைத் தேர்ந்த தொழிலாளர் அறிவர்.

வினைக்குரியாரை ஆராய்ந்து அமர்த்தும் முறையைத் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமாகவே வகுத்தார் வள்ளுவர். அம்முறை எஃகுக்கும் பொருந்தும். எங்கே இயங்கும், எவ்வளவு பாரம் தாங்கும், எப்பகையை எதிர்க்கும் என மூன்றையும் ஆராய்ந்த பின்னரே கம்பியைத் தேர்தல் வேண்டும். விரலளவுச் சுருள்வில்லேயாயினும், அதனை நம்பிச் செல்வது மனித உயிர் அன்றோ!