அரைச் செக்கன்

“பந்தக் கடசிமட்டும் பாரு, தம்பி!” ஏறாவூரில் எனக்குக் கிடைத்த முதற் கிரிக்கெட் பாடம் இதுவே. சொன்னவர் என் மூத்த காக்கா. கோடையில் நீர் வற்றிய வாவிக்கரையில் தென்னம்மட்டையைச் செதுக்கி எனக்குத் துடுப்பாகத் தந்துவிட்டு, ஈரம் ஊறிய ரெனிஸ் பந்தை அவர் வீசுவார். ஒரு பந்து எழும். மறுபந்து தரையோடு படுத்துவிடும். அப்படியிருந்தும் அடித்தேன். அதனால் எனக்கு ஆட்டம் தெரியும் என்றே நம்பியிருந்தேன்.

சென்ற ஆண்டு, பீட அணிக்கான தெரிவின்போது, அந்நம்பிக்கை மூன்று பந்துகளில் முடிந்தது. முதற்பந்தை நான் காணவேயில்லை. இரண்டாவது விலாவிற் பட்டது. மூன்றாவது பந்துக்கு என் கால் தானாகவே விலகியது; விக்கெட் சரிந்தது. அன்றிரவு கட்டாரிலிருந்து காக்கா அழைத்தார். “எடுபட்டுட்டன் காக்கா” என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யின் உறுத்தலே என்னை நூலகத்துக்கு அனுப்பியது. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரைச் செக்கனே ஆகும். கண்டதை உணர்ந்து கையைத் திருத்துவதற்கு அதில் ஐந்திலொரு செக்கன் போய்விடும். எனவே இறுதிக் கணத்திற் பந்து திரும்பினால், அதைக் கண்டும் பயனில்லை. லாண்ட், மக்லியொட் எனும் ஆய்வாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. தேர்ந்த ஆட்டக்காரரும் பந்தைத் தொடர்ந்து பார்ப்பதில்லை. அது கையிலிருந்து விடுபடுவதைக் கண்டதும், அவர் விழிகள் அது விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகின்றன. காக்காவின் பாடத்தை உலகில் எவருமே பின்பற்றவில்லை போலும்!

பந்துவீச்சாளர் கெடுப்பது இந்த முன்கணிப்பைத்தான். லசித் மாலிங்கவின் கை தோளுக்கு மேலாக வராமற் பக்கவாட்டிற் சுழன்று வந்தது. பழகிய உயரத்திற் பந்தைத் தேடிய கண் ஏமாந்தது. 2007 உலகக் கிண்ணத்தில் அவர் தென்னாபிரிக்கர் நால்வரை அடுத்தடுத்த நான்கு பந்துகளில் வீழ்த்தினார். அஜந்த மென்டிசோ கரம் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலாற் பந்தைச் சுண்டினார். 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கராச்சியில், 13 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள்! அன்று வீழ்ந்தோர் சுழற்பந்திலேயே வளர்ந்த இந்தியர் என்பதை நினைக்க எனக்குச் சிறிது ஆறுதல். ஆயினும் என் கால் விலகியதற்கு இவ்வாய்வுகளில் விளக்கம் இல்லை. அது அச்சம், வேறொன்றுமில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை காக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அரைச் செக்கன் கணக்கையும் சேர்த்தே சொன்னேன். சற்றுநேரம் பேச்சில்லை. பின்னர் கேட்டார்:

“விலாவில பட்ட பந்து... எலும்புக்கு ஒண்டுமில்லையே தம்பி?”