சரக்குத் தாறவர்

2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய் சொச்சமா இருந்த டொலர், மே மாசம் 360ஐத் தாண்டிச்சு. நடுவில நோன்பு. எங்கட கல்முனைக் கடைக்குப் பால்மா தாற ஏஜெண்ட் போனையே எடுக்கல்ல. பிறகு வந்தார்; பால்மா வேணுமெண்டா விற்காத பிஸ்கட்டையும் சேர்த்து எடுக்கட்டாம். பத்து வருசப் பழக்கம்!

மருதமுனையில சாரன் நெய்யிற காக்கா ஒருவர். நூல் விலை ஏறிட்டு, பழைய விலைக்குத் தர ஏலா எண்டு டொலர் ஏறின முதல் கிழமையே கடைக்கு வந்து சொன்னார். எனக்குக் கோபம்தான். ஆனா கொண்டுவந்ததில ரெண்டை அவரே ஒதுக்கி வச்சார்: "தம்பி, இதுல இழை அறுந்திருக்கு, பெருநாளைக்கு விற்காதீங்க."

இப்ப யாரும் புதுசா விலைப்பட்டியலோட வந்தா, கழிவு எவ்வளவு எண்டு கேட்கிறதுக்கு முதல், பழுதானதைத் திருப்பி எடுப்பீங்களா எண்டுதான் கேட்கிறன். பலர் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிடுறாங்க.